காட்பாடி காந்தி நகர்ல பழைய வீடு வாங்குனோம்: என் ரிவியூ

வேலூர்ல காந்தி நகர்ல வீடுன்னு சொன்னாலே கேக்குறவங்க ஒரு நிமிஷம் நிமிர்ந்து பாப்பாங்க, அவ்ளோ பேர் அந்த ஏரியாவுக்கு. அந்த பேருக்கும் விலைக்கும் தகுதி இருக்கான்னு தெரிஞ்சிக்கணும்னு நெனைக்கிறவங்களுக்காகத்தான் இத எழுதுறேன், ஏன்னா நாங்க தேடும்போது புரோக்கர் சொல்றதையும் சொந்தக்காரங்க சொல்றதையும் விட்டா வேற எதுவும் கிடைக்கல, ரெண்டுமே ஒரு பக்கம் சாஞ்ச பேச்சு.

மொதல்ல ஏரியாவ பத்தி. பாலாத்துக்கு அந்தாண்ட காட்பாடி பக்கம், பழைய தாராபடவேடு முனிசிபாலிட்டி, 2011ல வேலூர் கார்ப்பரேஷனோட சேத்துட்டாங்க. கிழக்கு மெயின் ரோடு, மேற்கு மெயின் ரோடு, அதுக்கு நம்பர் போட்ட குறுக்குத் தெருன்னு கோடு போட்ட மாதிரி லேஅவுட், வேலூர் டவுனுக்குள்ள கொசப்பேட்டை சைதாப்பேட்டை பக்கம் சந்து சந்தா பாத்து பழகுன கண்ணுக்கு இந்த தெருவோட அகலமே பெரிய விஷயம். 1954ல ஆரம்பிச்ச ஆக்சிலியம் காலேஜ் இங்கதான், டான் பாஸ்கோ ஸ்கூல் இங்கதான், காட்பாடி ஜங்ஷன் கிட்ட, விஐடி கிட்ட. சென்னை போகவும் பெங்களூர் போகவும் ரயில்ன்னா ராஜா மாதிரி வசதி, 2022 நவம்பர்ல விட்ட மைசூர் வந்தே பாரத் கூட காட்பாடியில நிக்குது. எங்க வீட்டுக்காரருக்கு வேலை ராணிப்பேட்டை சிப்காட்ல, எனக்கு காலேஜ்ல கிளாஸ், மாமியார் குடியாத்தத்துல இருந்து ரயில்லயே வந்து இறங்கிடலாம், அதனால எங்க மூணு பேருக்குமே இந்த இடம் சரியா வந்துச்சு.

ஆனா உண்மையில இங்க காசு குடுத்து வாங்குறது நெழல. இத நான் சும்மா அழகுக்கு சொல்லல. வேலூர் வெயில் எப்படின்னு உங்களுக்கு தெரியும், அக்னி நட்சத்திரத்துல 40 டிகிரிய தாண்டி போறது இங்க நியூஸே இல்ல, சுத்தி பாறை மலை வேற, ராத்திரி வரைக்கும் சூட்ட விடாது. சத்துவாச்சாரியில நாங்க வாடகைக்கு இருந்த மூணாவது மாடியில மே மாசம் சாயங்காலம் டேங்க்ல இருந்து வர்ற தண்ணி கைய சுடும். அதே மே மாசத்துல மத்தியானம் காந்தி நகர் குறுக்குத் தெருவுல வேப்பமரமும் புங்கமரமும் ரெண்டு பக்கமும் கை கோத்துக்கினு நிக்கிற எடத்துல வண்டிய நிறுத்தி பாருங்க, ஹெல்மெட்ட கழட்டுனதும் முகத்துல தெரியும் வித்தியாசம். அதுக்குத்தான் இந்த விலை. அந்த மரம் எதுவும் நம்ம பத்திரத்துல வராது, பாதி ரோட்டோரம் நிக்குது, பாதி பக்கத்து வீட்டுக்காரரோடது, அவரு வித்துட்டு போய் அங்க அப்பார்ட்மெண்ட் வந்துச்சுன்னா மொதல்ல போறது அந்த மரம்தான். அதனால வீட்ட பாக்குறதுக்கு முன்னாடி அக்கம் பக்கத்து வீட்ட பாருங்க. யாரு இருக்காங்க, வயசானவங்க மட்டும் இருந்து புள்ளைங்க எல்லாம் வெளிநாட்டுல இருக்காங்களா, வீடு பூட்டி கெடக்கா, விக்கிற பேச்சு ஓடுதா. நாங்க பாத்த ஒரு வீடு அவ்ளோ அழகா இருந்துச்சு, ஆனா ரெண்டு பக்கமும் பூட்டுன வீடு, அதனாலயே வேணாம்னு வந்துட்டோம்.

மத்த ஏரியாவும் பாத்தோம். சிஎம்சிக்கு பக்கத்துல தோட்டப்பாளையம் பக்கம் வாங்குனா வாடகை கொட்டும், மேற்கு வங்காளத்துல இருந்தும் வடகிழக்குல இருந்தும் வர்ற பேஷண்ட் குடும்பங்க ரூமுக்கு அலையுறாங்க, முதலீட்டுக்கு அதுதான் பெஸ்ட், ஆனா குடியிருக்க மூச்சு முட்டும். பாகாயம் பக்கம் குளிர்ச்சி, அமைதி, எனக்கு ரொம்ப புடிச்சுது, ஆனா காட்பாடி ஸ்டேஷனுக்கு ஊர தாண்டி வரணும். சத்துவாச்சாரி ஹவுசிங் போர்டு பேஸ் 1, பேஸ் 2 எல்லாம் நல்ல ஏரியா, டாக்குமெண்ட் பக்காவா இருக்கும், பட்ஜெட் கையக் கடிக்கிறவங்களுக்கு நான் அதத்தான் சொல்லுவேன்.

இப்ப வீட்டு கதைக்கு வர்றேன். காந்தி நகர்ல காலி மனை கிடைக்கிறது அபூர்வம், கிடைக்கிறது ரெண்டே வகை: பழைய தனி வீடு, இல்லன்னா பழைய வீட்ட இடிச்சுட்டு கட்டுன புது பிளாட். நாங்க எடுத்தது 1960கள்ல கட்டுன தனி வீடு, முன்னாடி கிரில் போட்ட வராண்டா, செவப்பு ஆக்சைடு தரை, தேக்கு ஜன்னல், மேல மெட்ராஸ் டெரஸ். தெரியாதவங்களுக்கு சொல்றேன், மெட்ராஸ் டெரஸ்னா கம்பி கான்கிரீட் கெடையாது, தேக்கு கட்டைங்கள வரிசையா வச்சு அது மேல சின்ன செங்கல்ல சாய்ச்சு குத்த வச்சு சுண்ணாம்புல கட்டுனது, வெயில் காலத்துல கான்கிரீட் அளவுக்கு அனல் உள்ள எறங்காது. ஆனா அதுல உயிர் எல்லாம் அந்த கட்டையிலதான் இருக்கு.

அதனால எஞ்சினியர் ரிப்போர்ட்டோட நிக்காம, பழைய வீடு வேலை தெரிஞ்ச வயசான மேஸ்திரி ஒருத்தர கூட்டிட்டு போனோம். நான் பாத்ததுலயே உருப்படியான வேலை அதுதான். அவரு உள்ள போனதும் சுவத்த பாக்கல, ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வொரு கட்டையும் சுவத்துக்குள்ள போற எடத்துல சுத்தியல் பின்பக்கத்தால தட்டிக்கினே வந்தாரு. நல்ல கட்டை கணீர்னு கேக்குது, பூச்சி உள்ள கட்டை மொத்துன்னு கேக்குது, அந்த ரெண்டு சத்தத்துக்கும் வித்தியாசம் கொஞ்ச நேரத்துல எனக்கே புரிஞ்சிடுச்சு. சமையல் ரூம் மூலையில வந்ததும் நின்னாரு, ஸ்குரூ டிரைவர எடுத்து குத்துனாரு, அது வெண்ணெயில போற மாதிரி உள்ள போச்சு, பவுடரா கொட்டுச்சு. "இன்னாம்மா இது, வெளிய பெயிண்ட் பளபளன்னு கீது, உள்ள ஒண்ணியும் இல்ல, மாடியில தண்ணி நிக்கிது, அதுக்கோசரம்தான் கரையான் வந்து கீது, இந்த ரெண்டு கட்டைய மாத்திட்டா மீதி எல்லாம் உன் பேரப்புள்ள காலம் வரிக்கும் தாங்கும்"னாரு. மாடிக்கு போய் ஒரு குடம் தண்ணிய ஊத்துனாரு, அது தண்ணி வெளிய போற ஓட்டை பக்கம் போகாம சமையல் ரூம் மேலயே வந்து தேங்குச்சு, மேல போட்ட தட்டோடு உக்காந்து போயிருந்துச்சு. அந்த ரெண்டு கட்டையையும் மாடி தளத்தையும் காட்டித்தான் விலையில குறைக்க சொன்னோம், அவங்களும் நேர்ல பாத்துட்டு ஒத்துக்கினாங்க.

தண்ணி விஷயத்துல ஏமாந்துடாதீங்க. இந்த பக்கம் போர் தண்ணி வீட்டுக்கு வீடு மாறுது, எங்க போர்ல சோப்பு நுரைக்காது, கெய்சர் காயில்ல வெள்ளையா படியும், பக்கத்துலயே இன்னொரு வீட்டுல குடிக்கிற பதத்துல வருது. காவேரி கூட்டுக் குடிநீர் வருது, ஆனா தினமும் வருதுன்னு நெனச்சுக்காதீங்க, அதனால சம்ப், அதாவது தரைக்கடி தண்ணி தொட்டி, எவ்ளோ கொள்ளளவு, உள்ள வெடிப்பு இருக்கான்னு எறங்கி பாக்க சொல்லுங்க. மோட்டார் போட்டு தொடர்ந்து ஓட விட்டு பாருங்க, கொஞ்ச நேரத்துல காத்து வாங்க ஆரம்பிச்சா போர் ஆழம் பத்தலன்னு அர்த்தம், இத கோடையில செஞ்சா நல்லது. மழை காலத்துலயும் ஒரு தடவ போய் தெருவ பாருங்க, 2021 நவம்பர் மழையில, பாலாறு கரை புரண்டு ஓடுன அந்த வாரம், இந்த தெருவுல தண்ணி எங்க நின்னுச்சுன்னு எதிர் வீட்டு பெரியவங்கள கேளுங்க, புரோக்கர கேக்காதீங்க.

இப்ப டாக்குமெண்ட். இந்த ஏரியாவுல பழைய வீடு வாங்குறவங்களுக்கு பெரிய தலைவலி கட்டடம் இல்ல, வாரிசு. தாத்தா வாங்குன மனை, அப்பா கட்டுன வீடு, உயில் கிடையாது, இப்ப விக்கிறவங்க அண்ணன் தம்பி மட்டும் வந்து உக்காருவாங்க, "அக்கா தங்கச்சிக்கெல்லாம் கல்யாணத்துலயே செஞ்சுட்டோம், அவங்க ஒண்ணும் கேக்க மாட்டாங்க"ம்பாங்க. அந்த ஒரு வார்த்தைய நம்பி கை நீட்டிடாதீங்க. அப்பா தன் சொந்த சம்பாத்தியத்துல வாங்குன சொத்து, உயில் எழுதாம போயிட்டாருன்னா 1956 இந்து வாரிசுரிமை சட்டப்படியே பொண்ணுக்கும் பையனுக்கும் சம பங்கு, அம்மா உயிரோட இருந்தா அவங்களுக்கும் பங்கு, இறந்து போன புள்ள இருந்தா அவரோட பொண்டாட்டி புள்ளைங்களுக்கும் பங்கு. பூர்வீக சொத்துன்னா தமிழ்நாட்டுல 1989ல ஒரு திருத்தம், நாடு முழுக்க 2005ல ஒரு திருத்தம் வந்து பொண்ணுங்களுக்கும் உரிமை குடுத்துருச்சு. அதனால ஒண்ணு எல்லாரும் வந்து கிரயத்துல கையெழுத்து போடணும், இல்லன்னா தன் பங்க விட்டுக் குடுக்குற விடுதலைப் பத்திரம் முன்னாடியே பதிஞ்சிருக்கணும், வாய் வார்த்தை செல்லாது, வெள்ளைத் தாள்ல எழுதி குடுத்ததும் செல்லாது.

எங்களுக்கு வித்தவங்களும் அண்ணன் தங்கச்சிங்கதான், ஆனா ஒரு தங்கச்சி அமெரிக்காவுல. அவங்க அங்க இருந்தே தூதரகம் மூலமா பவர் எழுதி அனுப்பினாங்க, அப்படி வெளிநாட்டுல எழுதுன பவர் இந்தியாவுக்கு வந்து 3 மாசத்துக்குள்ள இங்க முத்திரை கட்டியாகணும். அத விட முக்கியம், விக்கிறவங்க வெளிநாட்டுல குடியிருந்தா டிடிஎஸ், அதாவது விலையில நாம புடிச்சு அரசாங்கத்துக்கு கட்டுற வரி, அந்த கணக்கே வேற, நம்ம ஊர்ல இருக்கறவங்களுக்கு 1%தான், வெளிநாட்டுக்காரர் பங்குக்கு அதுக்கு மேல நல்லாவே புடிக்கணும், புடிக்காம விட்டா வருமான வரி நோட்டீஸ் விக்கிறவங்களுக்கு வராது, வாங்குன நமக்குத்தான் வரும். இதுக்கு ஆடிட்டர் பீஸ பாக்காதீங்க, நல்ல ஆடிட்டரா புடிங்க. அந்த 1% கூட சொத்து விலை 50 லட்சமோ அதுக்கு மேலயோ இருந்தாத்தான், ஆனா நாலு பேர் சேந்து வித்தா ஒவ்வொருத்தர் பங்கும் 50 லட்சத்துக்கு கீழ வருதே, தேவையில்லன்னு சிலபேர் சொல்லுவாங்க, 2024 அக்டோபர்ல இருந்து அந்த பேச்சுக்கே எடமில்ல, மொத்த தொகையத்தான் பாக்கணும், ஒவ்வொருத்தர் பேர்லயும் தனித்தனியா கட்டணும்.

வில்லங்கச் சான்று, அதாவது சொத்து மேல பதிவான பழைய கிரயம், அடமானம் எல்லாம் காட்டுற சான்று பாக்கிறதுல ஒரு விஷயம். ஆன்லைன்ல 1975ல இருந்துதான் வருது. வீடு 60கள்ல கட்டுனது, மனை அதுக்கும் முன்னாடி வாங்குனதுன்னா அதுக்கு முந்தின காலத்துக்கு சார்பதிவாளர் ஆபீஸ்ல மேனுவலா எழுதி குடுத்து வாங்கணும், டைம் ஆகும், "அதெல்லாம் எதுக்குங்க, 30 வருஷம் போதும்"ன்னு அவசரப்படுத்துவாங்க, விடாதீங்க. எங்க வக்கீல் அம்மா மூலப்பத்திரம் வரைக்கும் போய் பாத்துட்டுத்தான் ஒப்பீனியன் குடுத்தாங்க, அதுல மூலப்பத்திரத்துல இருக்கிற நாலு பக்க எல்லையும் இப்ப இருக்கிற காம்பவுண்டும் ஒரு பக்கம் ஒத்து வரலன்னு புடிச்சாங்க, சர்வேயர வச்சு அளந்து அத சரி பண்ணி எழுதுனப்புறம்தான் அக்ரிமெண்ட் போட்டோம். அந்த சேல் அக்ரிமெண்ட்டையும் ரெஜிஸ்டர் பண்ணிடுங்க, நம்ம மாநிலத்துல அது கட்டாயம்.

செலவு கணக்கு இதுதான், இத யாரும் முன்கூட்டி முழுசா சொல்றதில்ல. முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்ற வரியும் சேத்து 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. பத்திர மதிப்பு 80 லட்சம்னு வச்சுக்கோங்க, 7 லட்சத்து 20 ஆயிரம் அங்கயே போச்சு. பொம்பளைங்க பேர்ல பதிஞ்சா 1% குறையும்னு எல்லாரும் சொல்லுவாங்க, 2025 ஏப்ரல்ல வந்த அந்த சலுகை 10 லட்சம் மதிப்புக்குள்ள இருக்கிற சொத்துக்குத்தான், காந்தி நகருக்கு அது ஒத்து வராது. லோன்லயும் ஒரு கணக்கு இருக்கு, ரிசர்வ் பேங்க் விதிப்படி 30 லட்சம் வரைக்கும் லோன்னா மதிப்புல 90% வரைக்கும் தரலாம், 30ல இருந்து 75 லட்சம் வரைக்கும் 80%, அதுக்கு மேல 75%தான், அந்த மதிப்புல பத்திர செலவு சேராது. பழைய வீடுன்னா இன்னொரு அடி, பேங்க் வேல்யூவர் வந்து மனைக்கு ஒரு விலை போடுவாரு, 60 வருஷ கட்டடத்துக்கு கிட்டத்தட்ட ஒண்ணுமில்லன்னு எழுதிடுவாரு. நாங்க மொதல்ல போன பேங்க்ல அப்படித்தான் எழுதி, மெட்ராஸ் டெரஸ்னு பாத்ததும் லோனே யோசிக்கணும்னு பல வாரம் இழுத்தாங்க, அட்வான்ஸ் குடுத்த காசு அங்க நிக்குது, கெடு ஓடுது, தூக்கமே வரல. அப்புறம் வேற பேங்க்ல கட்டடத்தோட உறுதி சான்றிதழ வச்சு வாங்குனோம். அதனால அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடியே உங்க பேங்க் வேல்யூவர கூட்டிட்டு போய் காட்டிடுங்க, சில ஆயிரம் செலவாகும், ஆனா நிம்மதி.

ஒரு பகுதிய கேஷா குடுங்கன்னு கேட்டாங்க, நாங்க முடியவே முடியாதுன்னுட்டோம். சட்டப்படி சொத்து கிரயத்துக்கு 20,000 ரூபாயோ அதுக்கு மேலயோ கேஷா வாங்கக் கூடாது, அட்வான்ஸுக்கும் அதேதான், தவிர லோனும் பத்திரத்துல போட்ட தொகைக்குத்தான் வரும், நாளைக்கு நாம விக்கும்போது லாபக் கணக்கும் அதுலதான் நிக்கும். கறாரா நின்னா ஒத்துக்குவாங்க, எங்களுக்கு ஒத்துக்கினாங்க.

குடி வந்தப்புறம் எப்படி இருக்குன்னா, காலையில வாசல் தெளிக்க வரும்போது தெருவே சருகா கெடக்கும், பங்குனி சித்திரையில வேப்பம்பூ கொட்டி மாடி ஓட்டை அடைச்சுக்கும், வாரத்துக்கு ஒருநாள் கூட்டி விட்டே ஆகணும், காத்து மழையில கெளை ஒயர்ல உரசி கரண்ட் போகும். சோலார் போடலாம்னு பாத்தோம், பிரதமர் சூர்ய கர் திட்டத்துல 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் வருது, ஆனா கம்பெனிக்காரர் மாடிய பாத்துட்டு மதியத்துக்கு மேல நெழல் விழுது, பாதிதான் வரும்னு சொல்லிட்டாரு, அந்த வேப்ப மரத்த கழிச்சு விட்டா சரியாயிடும்னாரு. நாங்க மரத்த விட்டுட்டு சோலார வேணாம்னுட்டோம், ஏசி ஓடுற நேரமே இந்த கோடையில குறைஞ்சிருக்கு, அது போதும்.

பிடிக்காதது மூணு சொல்லணும். காலையிலயும் சாயங்காலமும் டவுனுக்கு போறது பெரிய கொடுமை, சித்தூர் பஸ் ஸ்டாண்ட் சந்திப்புல நெரிசல், பாலாத்து பாலத்துல நெரிசல், காட்பாடி ரயில்வே மேம்பாலத்த 2022ல ரிப்பேருக்கு மூடுனப்ப ஊரே சுத்திக்கினு போனத யாரும் மறந்திருக்க மாட்டாங்க, சிஎம்சியில வேலை பாக்குறவங்க இத நல்லா யோசிச்சுக்கோங்க. ரெண்டாவது, தனி வீடுங்க எல்லாம் ஹாஸ்டலாவும் பிளாட்டாவும் மாறுது, ஒரு வீட்டுல ஒரு கார் நின்ன தெருவுல இப்ப எட்டு கார் நிக்குது, கிரவுண்ட் புளோர் முழுக்க பார்க்கிங் ஆயிட்டா மண்ணே இருக்காது, மரம் எங்க இருந்து வரும். இது எனக்கு மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. மூணாவது கொசு, வராண்டாவுக்கு வலை அடிக்காம உக்கார முடியாது.

யாருக்கு சிபாரிசு பண்ணுவேன்னா, குடியிருக்கப் போறவங்களுக்கு, பழைய வீட்ட பழைய வீடாவே வச்சுக்க ஆசைப்படுறவங்களுக்கு, ரிப்பேருக்குன்னு கையில தனியா காசு வச்சிருக்கறவங்களுக்கு, அவங்களுக்கு கண்ண மூடிக்கினு சொல்லுவேன், 5க்கு 4. வாங்கி இடிச்சு பிளாட் போடலாம்னு கணக்கு போடுறவங்க தயவு செஞ்சு வேற எடம் பாருங்க.

ரெஜிஸ்டர் ஆன உடனே வேலை முடிஞ்சுதுன்னு உக்காந்துடாதீங்க, பட்டா பேர் மாறுச்சான்னு ஆன்லைன்ல பாருங்க, மாறலன்னா மனு போடுங்க, அப்புறம் சொத்து வரி, தண்ணி கனெக்‌ஷன், ஈபி மூணையும் உங்க பேருக்கு மாத்துங்க. பழைய சொத்து வரி பாக்கி இருந்தா அத விக்கிறவங்க கட்டி ரசீது குடுத்தப்புறம்தான் கடைசி செக்க குடுக்கணும், நாங்க அப்படித்தான் செஞ்சோம்.